அண்ணா நூற்றாண்டு நூலகம்: பிளஸ் டூ பிள்ளைகள் ஐந்தாம் தளம் வரை ஏற வேண்டும்

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தைப் பற்றிப் பேசுவோர் அதன் கட்டடத்தைப் புகழ்வார்கள், அல்லது குரூப் தேர்வுக்குப் படிக்க நல்ல இடம் என்பார்கள். இரண்டும் சரி. ஆனால் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கல்லூரிக்குத் தயார்ப்படுத்த சென்னையில் காசில்லாமல் கிடைக்கும் மிகச் சிறந்த இடம் இதுதான் என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. எந்தத் தளத்துக்குப் போவது, என்ன புத்தகம் எடுப்பது, எங்கே சறுக்கும் என்பதை இங்கே பார்ப்போம்.

முதலில், தயார் என்றால் எதற்குத் தயார்? பொறியியல் கலந்தாய்வுக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் போடுகிறோம். அந்த எண் கல்லூரியில் இடம் வாங்கித் தரும். உள்ளே போனபின் அதற்கு வேலை இல்லை. பிளஸ் டூ இயற்பியல் எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண்ணுக்கு. ஒரு மதிப்பெண் வினா 15, இரண்டு மதிப்பெண் வினா 6, மூன்று மதிப்பெண் வினா 6, ஐந்து மதிப்பெண் வினா 5. ஆகப் பெரிய விடையே ஐந்து மதிப்பெண்தான். அது பாடநூலில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பெரும்பாலும் முன்பே அடிக்கோடிட்டுக் கொடுத்திருப்பார்கள். புக் பேக் வினாக்கள், முந்தைய ஆண்டு வினாத்தாள்கள், ஸ்லிப் டெஸ்ட் என்று ஒரு வருடம் ஓடும்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி நடக்கும் செமஸ்டர் தாளைப் பாருங்கள். இரண்டு மதிப்பெண் வினா 10 முடிந்ததும் நேராக 13 மதிப்பெண் வினா ஐந்து, பிறகு 15 மதிப்பெண் வினா ஒன்று. நூற்றுக்கு 80 மதிப்பெண் நீண்ட விடைகளில் இருக்கிறது. பள்ளியில் ஒரு பாடத்துக்கு அரசு தந்த ஒரே புத்தகம். கல்லூரியிலோ பாடத்திட்டத்தின் அடியில் சில பாடநூல்களும் சில மேற்கோள் நூல்களும் போட்டிருக்கும். எந்தப் புத்தகத்தில் எந்தப் பகுதி என்று தேடிப் பிடித்து, தனியாகப் படித்து, சொந்தமாக எழுத வேண்டியது மாணவர் பொறுப்பு. பிளஸ் டூ கணிதத்தில் 90-க்கு மேல் எடுத்த பிள்ளைகளும் முதல் செமஸ்டர் கணிதத்தில் அரியர் வைக்கிறார்கள் என்றால், அறிவுக் குறைவு அதற்குக் காரணமில்லை. முன்பின் பார்க்காத ஒரு புத்தகத்தைத் திறந்து தானே படித்துப் புரிந்துகொள்ளும் பழக்கம் அவர்களுக்கு ஏற்படவே இல்லை. அந்தப் பழக்கத்தை இந்த நூலகத்தில் வளர்த்துக்கொள்ளலாம்.

நூலகம் 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்டது. எட்டு ஏக்கர் வளாகத்தில் ஒன்பது அடுக்குக் கட்டடம். பறக்கும் ரயிலில் வருவோர் கோட்டூர்புரம் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். காந்தி மண்டபம் சாலை வழியாகப் பேருந்திலும் வரலாம். காலை 8 முதல் இரவு 8 வரை திறந்திருக்கும், ஞாயிறும் உண்டு. உள்ளே உட்கார்ந்து படிக்கக் கட்டணம் கிடையாது. பையைக் கீழே ஒப்படைத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். ஆகவே வெள்ளைத்தாள் பத்துப் பன்னிரண்டு, இரண்டு பேனா, ஒரு பென்சில் இவற்றைத் தனியாகக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். குளிர் தாங்காத பிள்ளைகள் முழுக்கைச் சட்டை போட்டு வருவது நல்லது, ஏசியில் மூன்று மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும்.

பெரும்பாலான பள்ளிப் பிள்ளைகள் தடம் மாறுவது தரைத்தளத்தில்தான். அங்கே சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கும் பிரிவு இருக்கிறது. டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வு, குடிமைப் பணித் தேர்வுக்குப் படிப்பவர்கள் காலையிலேயே வந்து இடம் பிடித்துவிடுவார்கள். பிளஸ் டூ பிள்ளைகளும் கைடையும் ஒரு மதிப்பெண் வினாத் தொகுப்பையும் எடுத்துவந்து அங்கேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். வீட்டில் படிக்க இடம் இல்லாத, வீட்டுச் சத்தத்தில் படிக்க முடியாத பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி, அதை மறுக்கவே முடியாது. ஒற்றை அறை வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு அமைதியான ஒரு மேசை எவ்வளவு பெரிய விஷயம் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். பொதுத்தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதம் அந்தப் பிரிவையே பயன்படுத்தட்டும். மற்ற மாதங்களில் அங்கே உட்கார்ந்தால், வீட்டில் படித்த அதே கைடை ஏசியில் படித்த பலன்தான். கல்லூரிக்கு வேண்டியதெல்லாம் மேல் தளங்களில் இருக்கிறது. அங்கே சொந்தப் புத்தகத்துக்கு அனுமதி இல்லை. இந்த விதி எரிச்சலாகத் தோன்றும். பிள்ளையின் கையிலிருந்து கைடை இறக்கி வைப்பதும் அதே விதிதான்.

தளங்களின் ஒழுங்கு இப்படி: இரண்டில் தமிழ் நூல்கள். மூன்றில் கணினி அறிவியல், உளவியல், சமூகவியல், அரசியல். நான்கில் பொருளியல், சட்டம், கல்வி, மொழி, இலக்கியம். ஐந்தில் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல், மருத்துவம். ஆறில் பொறியியல், வேளாண்மை, மேலாண்மை, கலைகள். ஏழில் வரலாறு, புவியியல், பயணம், வாழ்க்கை வரலாறு. நூல்கள் டூயி தசம எண் வரிசையில், அதாவது பாடத்துக்கு ஓர் எண் என்ற முறையில், அடுக்கப்பட்டவை. சில எண்கள் மனப்பாடமாக இருந்தால் அலைச்சல் மிச்சம்: கணிதம் 510, அதில் நுண்கணிதம் 515, புள்ளியியல் 519, இயற்பியல் 530, மின்னியல் 537, வேதியியல் 540, கரிம வேதியியல் 547, உயிரியல் 570, பொருளியல் 330, சட்டம் 340, கணக்குப்பதிவியல் 657, மேலாண்மை 658. கல்லூரி நூலகங்கள் பலவற்றிலும் இதே எண்முறை இருப்பதால், இங்கே பழகியது அங்கேயும் கைகொடுக்கும்.

அறிவியல் பிரிவுப் பிள்ளைகளுக்கு ஐந்தாம் தளம்தான் முக்கியம். அங்கே ஒரு மூன்று மணி நேரத்தை எப்படிச் செலவிடுவது?

புதிய பாடத்தை எடுக்க வேண்டாம். பள்ளியில் ஏற்கெனவே முடித்த ஒரு தலைப்பை எடுங்கள். பிளஸ் ஒன் கணிதத்தில் வரும் எல்லையும் தொடர்ச்சியும் மிகப் பொருத்தம், ஏனென்றால் பொறியியல் முதல் செமஸ்டர் கணிதத்தில் அதே தலைப்பு இன்னும் ஆழமாக வரும். 515 அடுக்குக்குப் போய் அந்தத் தலைப்பு உள்ள மூன்று புத்தகங்களை எடுங்கள். மேசையில் வைத்து முதல் 20 நிமிடம் பாடத்தைத் தொடவே வேண்டாம். முன்னுரை, உள்ளடக்கம், பின்னால் இருக்கும் சொல்லடைவு, இவற்றை மட்டும் பாருங்கள். முன்னுரையில் இந்தப் புத்தகத்தைப் படிக்க முன்பே என்னவெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று ஆசிரியர் பல சமயம் எழுதியிருப்பார். சொல்லடைவில் ஒரு சொல்லைத் தேடி, அது எந்தெந்தப் பக்கங்களில் வருகிறது என்று பாருங்கள். பள்ளிப் பாடநூலில் இந்த வேலைக்கு அவசியமே ஏற்படாததால், கல்லூரிக்கு வந்த பிறகும் பலர் 600 பக்கப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டுகிறார்கள்.

மூன்றில் எது படிக்கும்படி இருக்கிறதோ அதை வைத்துக்கொண்டு மற்ற இரண்டை ஓரமாக வையுங்கள். அடுத்த 45 நிமிடத்தில் ஆறு முதல் எட்டுப் பக்கம். அதற்கு மேல் வேண்டாம். கணிதப் புத்தகத்தில் மணிக்கு முப்பது பக்கம் ஓடினால் அது படிப்பில்லை, மேலோட்டமாகப் புரட்டுவது. எடுத்துக்காட்டு வந்தால் விடையைக் கையால் மறைத்துவிட்டு முதல் இரண்டு வரியைத் தாளில் போட்டுப் பாருங்கள். புரியாத வரிக்குப் பக்கத்தில் நிற்காமல், அதன் பக்க எண்ணைக் குறித்துக்கொண்டு நகருங்கள்.

பிறகு புத்தகத்தை மூடிவிட்டு அரைப் பக்கம் எழுத வேண்டும். தமிழிலோ ஆங்கிலத்திலோ, முழு வாக்கியமாக. பெரும்பாலான பிள்ளைகள் திணறும் இடம் இதுதான். சூத்திரத்தை எழுதிவிடுவார்கள். அந்தச் சூத்திரம் எப்போது செல்லும், எப்போது செல்லாது என்று ஒரு வாக்கியம் எழுதச் சொன்னால் பேனா நிற்கும். 13 மதிப்பெண் விடையில் மதிப்பெண் போவதும் இந்த வாக்கியங்கள் இல்லாததால்தான். எழுதி முடித்ததும் புத்தகத்தைத் திறந்து ஒப்பிட்டு, விட்டுப்போனதை வேறு நிற மையில் சேருங்கள். அந்த வேறு நிறம்தான் அடுத்த வாரத்துக்கான பாடம்.

கடைசி ஒரு மணி நேரம் பயிற்சிக் கணக்குகள். பல புத்தகங்களில் ஒற்றைப்படை எண் கணக்குகளுக்கு மட்டும் கடைசியில் விடை இருக்கும். இரட்டைப்படைக் கணக்குகளில் குறைந்தது இரண்டு போடுங்கள். சரியா தவறா என்று சொல்ல ஆள் இல்லாத நிலையில், விடையைப் பிரதியிட்டுப் பார்த்தோ வேறு வழியில் போட்டோ தானே சரிபார்ப்பது தனித் திறமை. பள்ளியில் விடைக்குறிப்பு அந்த வேலையைச் செய்துவிடுவதால் அது வளர்வதே இல்லை. நேரம் மிச்சமிருந்தால் ஓரமாக வைத்த இரண்டாவது புத்தகத்தில் புரியாத வரி வந்த இடத்தைத் தேடுங்கள். ஒருவர் குழப்பியதை இன்னொருவர் ஒரே படத்தில் விளக்கியிருப்பார்.

இதில் தவறு நேரும் இடங்கள் மூன்று. மிகத் தடித்த, பெயர் பெற்ற புத்தகத்தை எடுத்து, நான்கு பக்கத்தில் மனம் தளர்ந்து, இது நமக்கு ஆகாது என்று முடிவுகட்டிவிடுவது முதல் தவறு. அறிமுக நிலைப் புத்தகமே போதும், சிறுவர்களுக்கு எழுதியதுபோல் தோன்றினாலும் பரவாயில்லை. இரண்டாவது, வரிக்கு வரி பார்த்து எழுதுவது. கை வலிக்கும், மனதில் எதுவும் நிற்காது. மூன்றாவது, நண்பர்கள் நாலு பேராக வந்து ஒரே மேசையில் உட்காருவது. வருவது சேர்ந்து வரட்டும், உட்காருவது தனித்தனி மேசையில் இருக்கட்டும். திரும்பும் வழியில் யார் என்ன படித்தார் என்று ஒருவருக்கொருவர் பத்து நிமிடம் சொல்லிக்கொண்டால், அதுவே நல்ல செமினார் பயிற்சி.

தமிழ்வழியில் படித்த பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாடம் தெரிந்திருந்தும் சொல் தெரியாமல் முதல் செமஸ்டரில் ஒடுங்கிப்போகிறவர்கள் இவர்கள்தான். அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ்வழியில் தொடங்கியது என்றாலும், மிகப் பெரும்பாலான இடங்கள் ஆங்கிலவழிதான். இவர்களுக்கு இந்த நூலகத்தில் இரண்டாம் தளமும் ஐந்தாம் தளமும் சேர்ந்துதான் பயன்படும். முதலில் இரண்டாம் தளத்தில் அந்தத் தலைப்பில் உள்ள தமிழ் அறிவியல் நூலில் ஐந்து பக்கம் படித்து, கலைச்சொற்களை மட்டும் ஒரு தாளில் இடப்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஐந்தாம் தளம் போய் அதே தலைப்பை ஆங்கிலத்தில் படித்து, எதிரே ஆங்கிலச் சொல்லை நிரப்புங்கள். 2018-19-இலும் 2019-20-இலும் வந்த மேல்நிலைப் பாடநூல்களில் கலைச்சொல் பட்டியல் இருக்கிறது. அதை வீட்டிலேயே பார்த்துவிட்டு வந்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு வேளைக்கு 15 சொல் போதும். 50 சொல் எழுதினால் எதுவும் தங்காது. சொல்லை மட்டும் தனியாக மனப்பாடம் செய்யாமல், அந்தச் சொல் வரும் ஒரு முழு ஆங்கில வாக்கியத்தையும் எழுதிக்கொள்ள வேண்டும், தேர்வில் எழுதப்போவது வாக்கியம் என்பதால். ஆங்கிலம் பேச வராது என்ற கூச்சத்துக்கும் இந்த வேலைக்கும் சம்பந்தம் இல்லை. பாடநூல் ஆங்கிலம் ஒரு சிறிய வட்டம், அதே இருநூறு முந்நூறு சொற்கள் திரும்பத் திரும்ப வரும்.

எந்தப் படிப்பில் சேர்வது என்ற குழப்பத்துக்கும் இந்தத் தளங்கள் நல்ல மருந்து. கம்ப்யூட்டர் சயின்ஸா, இசிஇ-யா என்று வீட்டில் சண்டை நடக்கிறதா? மூன்றாம் தளத்தில் 005 எண்ணில் நிரலாக்க நூல் ஒன்று, ஆறாம் தளத்தில் 621.3 எண்ணில் மின்னணுவியல் நூல் ஒன்று. இரண்டிலும் நடுவில் ஒரு அத்தியாயத்தைத் திறந்து ஒரு மணி நேரம் படியுங்கள். முதல் அத்தியாயம் எல்லாப் படிப்பிலும் இனிக்கும். நடு அத்தியாயம்தான் இரண்டாம் ஆண்டில் வாட்டப்போவது. அதைப் படிக்கையில் அடுத்து என்ன என்று பார்க்கத் தோன்றினால் அந்தப் பிரிவு பொருந்தும். சிவில் என்றால் 624, உளவியல் என்றால் 150, கட்டடக்கலை என்றால் 720. கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் போடும் முன் இதைச் செய்வது, பிளேஸ்மென்ட் விளம்பரங்களைப் பார்த்து முடிவெடுப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

வணிகவியல், கலைப் பிரிவுப் பிள்ளைகளுக்கு வழிகாட்டல் குறைவாகவே கிடைக்கிறது, இது வருத்தமான உண்மை. பி.காம் போகிறவர்கள் ஆறாம் தளத்தில் 657-ஐப் பார்க்கட்டும். பள்ளியில் போட்ட அதே இருப்புநிலைக் குறிப்பை ஏன் அந்த வரிசையில் போடுகிறோம் என்ற விளக்கம் அங்கே கிடைக்கும். வரலாறு, பொருளியல் எடுப்பவர்கள் ஒரே நிகழ்வை இரண்டு நூல்களில் படித்து, நூலாசிரியர் இருவரும் எங்கே வேறுபடுகிறார்கள் என்று ஒரு பக்கம் எழுதிப் பழக வேண்டும். கலை அறிவியல் கல்லூரியில் அசைன்மென்ட் என்று கேட்பது அடிப்படையில் இதைத்தான்.

பார்வைக் குறைபாடு உள்ள மாணவர்களுக்குத் தரைத்தளத்தில் பிரெய்லி பிரிவு இருக்கிறது. பள்ளிக் காலத்திலேயே அங்கே அறிமுகமாகிவிடுவது நல்லது, கல்லூரி சேர்ந்தபின் தேடி அலைய வேண்டியதில்லை.

குறைகள் உண்டு. இது ஆய்வாளர், பட்டதாரி எல்லோருக்குமான பெரிய நூலகம். பதினாறு வயதுப் பிள்ளைக்கு எந்தப் புத்தகத்திலிருந்து தொடங்குவது என்று தனியாகக் கைகாட்ட ஏற்பாடு இல்லை. பணியாளர்களிடம் எண்ணைச் சொன்னால் அடுக்கைக் காட்டுவார்கள். பாடத்தைச் சொல்லித் தொடக்கநிலை நூல் கேட்டால், எதை எடுப்பது என்ற முடிவு நம்முடையதாகத்தான் இருக்கும். சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணா பல்கலைக்கழகம் இவற்றின் முதல் ஆண்டுப் பாடத்திட்டத்தில் உள்ள நூல்களை மட்டும் ஒரே அடுக்கில் தனியாக வைத்து, பள்ளி மாணவருக்கு என்று ஒரு பலகை மாட்டினால் இந்தக் குறையில் பெரும்பகுதி தீரும். செலவு பெரிதாக ஆகாது. அதுவரை கணினிப் பட்டியலில் தலைப்பை ஆங்கிலத்தில் தட்டி, அறிமுகம் என்ற பொருள் தரும் சொல்லைச் சேர்த்துத் தேடுவதுதான் வழி. தொலைவு இன்னொரு சிக்கல். திருவொற்றியூரிலிருந்தோ ஆவடியிலிருந்தோ வாராவாரம் வருவது நடக்காத காரியம்.

அப்படிப்பட்டவர்களுக்கு எழும்பூர் கன்னிமாரா பொது நூலகம் இருக்கிறது. 1896-இல் தொடங்கியது, உறுப்பினராகி நூல்களை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். கல்லூரிப் பாடநூல் தேடும் வசதியும் உட்காரும் இடமும் கோட்டூர்புரத்தில் மேல், வீட்டுக்கு எடுத்துப்போய் ஆற அமரப் படிக்கக் கன்னிமாரா மேல். அண்ணா சாலை தேவநேயப் பாவாணர் நூலகமும் நகர் நடுவில் இருப்பதால் பலருக்கு வசதி. அதுவும் தொலைவு என்றால் வீட்டுக்கு அருகில் உள்ள கிளை நூலகத்தில், பள்ளிப் பாடநூல் அல்லாத எந்தப் புத்தகத்திலாவது மேலே சொன்ன அரைப் பக்கப் பயிற்சியைச் செய்யலாம்.

எப்போது போவது? பிளஸ் ஒன் தேர்வு முடிந்த கோடை விடுமுறையில் வாரம் ஒரு நாள், காலை 8 முதல் 11 வரை. வெயிலுக்கு முன் போய், சாப்பாட்டுக்கு முன் திரும்பிவிடலாம். பிளஸ் டூ ஆண்டில் காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளில் மட்டும் போதும், மற்ற நேரம் பள்ளிக்கும் பொதுத்தேர்வுக்கும் போகட்டும். பொதுத்தேர்வு முடிந்து கல்லூரி திறக்கும் வரையிலான இடைவெளிதான் பொன்னான காலம். அந்த மாதங்களில் வீடு முழுக்கச் சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று இ-சேவை மையத்துக்கு அலைந்துகொண்டிருக்கும். மே மாதத்தில் அலைவதைத் தவிர்க்கச் சான்றுகளை முடிந்தவரை முன்பே வாங்கி வைத்துவிட்டு, பிள்ளையை வாரம் இரண்டு நாள் நூலகத்துக்கு அனுப்புங்கள். சேரப்போகும் படிப்பின் முதல் செமஸ்டர் பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழக இணையதளத்திலிருந்து அச்செடுத்துக் கையில் கொடுத்து அனுப்பினால், அதன் அடியில் உள்ள நூல் பட்டியலை வைத்தே அடுக்கில் தேடத் தொடங்கலாம். ஐந்து அலகுகளில் முதல் அலகை மட்டும் முடித்துவிட்டுக் கல்லூரிக்குள் நுழைந்தால் போதும்.